பாதி வசனம்

1

இந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் சபைக்குப் போகவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்து பழக்க தோஷத்தில் புடவையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். அப்புறம் நினைவு வந்து திரும்ப பீரோவில் வைத்துவிட்டேன். வெளியே பனிமூட்டம், எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. ஒருத்திக்குச் சமைக்கிற சமையல் எவ்வளவு நேரம் பிடிக்கும்? வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் வீட்டு வேலையெல்லாம் முடிந்துவிட்டது.

நான் பின்மாற்றத்தில் போய்விட்டேன் என்று ஆம்பூர் வரைக்கும் சேதி போயிருக்கிறதாம். என் தங்கை சுகுணா போனில் சொன்னாள். இத்தாலிக்குப் போய் எஸ்தர் கர்த்தரையே விட்டுவிட்டாள் என்று எங்கள் தெருவில் ஒருத்தி பேசினாளாம். இன்னொருத்தி, பாவம், புருஷன் போனதிலிருந்து அவளுக்குப் புத்தி நிலையில்லை என்றாளாம். விட்டால் அடுத்த மாதம் எனக்கு வேறு பேரே வைத்துவிடுவார்கள். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். படித்தபிறகும் நான் செய்தது தப்பு என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கதையை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுதல்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள் நான். விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டே போகிற பெண்களில் ஒருத்தி. என் வீட்டுக்காரர் தேவராஜ் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஃபினிஷிங் பார்த்தவர். தோலின்மேல் அடிக்கிற சாயத்தைக் கண்ணால் பார்த்தே ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் இங்கே கூப்பிட்டார்கள். வடக்கு இத்தாலியில் விசென்சா பக்கம், மலையடிவாரத்தில், ஒரு பள்ளத்தாக்கு முழுக்கத் தோல் கம்பெனிகள். முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அதே வாடை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வாடை ஒரு தைரியமாகத்தான் இருந்தது.

2

எங்கள் சபை கூடுவது ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில். ஞாயிறு மதியம் மட்டும் வாடகைக்கு. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மைக். பாஸ்டர் எபநேசர் வாரநாளில் ஒரு கிடங்கில் வண்டி ஓட்டுகிறவர். அவர் மனைவியை எல்லாரும் பாஸ்டரம்மா என்போம். ஆற்காட்டுக்காரர். வயதில் எனக்குச் சமம் என்பதால் என்னை எஸ்தரு என்று கூப்பிடுவார். இங்கே என்னை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். கம்பெனியில் நான் "எஸ்தெர்". முனிசிபாலிட்டியில் வெறும் குடும்பப் பெயர்.

அந்தக் கூடம் எனக்கு என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். வாரம் முழுக்க அரைகுறை இத்தாலியனில் நாக்குச் சுளுக்கிக்கொண்டு, ஞாயிறு மதியம் உள்ளே நுழைந்ததும் காதில் விழுகிற "இன்னாக்கா, மெலிஞ்சிட்டே?" என்கிற ஒரு வார்த்தை போதும். ஆராதனை முடிந்ததும் சாப்பாடு. மாதத்தில் ஒரு வாரம் என் பிரியாணி. சீரகச்சம்பா இங்கே சுலபத்தில் கிடைக்காது. கிடைத்த அரிசியை வைத்து ஒப்பேற்றுவேன். கத்தரிக்காய்த் தொக்குக்குத்தான் அடிதடி நடக்கும்.

புது வருஷத்தன்று வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குக் கொடுக்கிற வாக்கு. எடுத்தவர் சத்தமாகப் படிக்க, எல்லாரும் ஆமென் என்போம். வீட்டுக்குப் போய் பிரிட்ஜில் ஒட்டிவைப்போம். ஊரில் இதை நள்ளிரவு ஆராதனையில் செய்வோம். இங்கே அந்த நேரத்துக்குக் கூடம் கிடைக்காது என்பதால் ஜனவரி முதல் தேதி மதியம்.

எல்லா அட்டையிலும் தித்திப்புதான். உயர்த்துவேன், பெருக்குவேன், காப்பேன், சுகமாக்குவேன். ஊரிலும் இதே கதைதான். கசப்பான வசனத்தை அச்சடித்து எந்த அச்சகத்துக்காரர் விற்பார்? சின்ன வயசில் எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வருஷத்தில் ஒருநாள் இனிப்பு சாப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் இருந்தேன்.

3

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்த வருஷம், அவர் எடுத்த அட்டையில் நீண்ட ஆயுள் தருவதாக வசனம் இருந்தது. அவர் படித்து முடிப்பதற்குள் கூடமே எழுந்து நின்று கை தட்டியது. பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த நிமிஷத்தில் நானும் நம்பினேன், ஏன் நம்பக்கூடாது?

அன்றையிலிருந்து அவர் சாவைப்பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேச வாயெடுத்தாலே, விசுவாச வார்த்தை பேசுங்கண்ணா என்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லா இருக்குது, ஸ்தோத்திரம் என்று சொல்ல வேண்டும். மூச்சு வாங்க வாங்க அதைச் சொல்வார். அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நிலைமையை நேராகச் சொல்லிவிட்டார். எங்கள் ஜனங்கள்தான் சொல்ல விடவில்லை.

எங்கள் அப்பா செத்தது வேறு மாதிரி. தோல் ஷாப்பில் தோலை ஊறவைக்கிற ட்ரம் ஓட்டிய மனிதர், கடைசியில் படுக்கையில் விழுந்தார். தெருவே கூடி உட்கார்ந்து அவரோடு பேசியது. என்ன பாட்டுப் பாட வேண்டும், எந்தச் சட்டை போட வேண்டும், யார் தோள் கொடுக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அவருடைய தோஸ்த் ஒரு பாய், பக்கத்துத் தெரு, தினமும் வந்து, இன்னா அவசரம் உனக்கு, நான் இன்னும் புதுச் சட்டை தைக்கலியே என்று வம்பு பண்ணுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள், இருமுவார்கள், அப்புறம் இரண்டு பேரும் அழுவார்கள். ஊர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்து பிரியாணியில் உப்புக் கம்மி என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிற ஊர் அது. ஆனால் சாகிறவனைப் பேசவிடத் தெரிந்த ஊர்.

இங்கே ஒருநாள் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் பார்க்க வந்திருந்தார்கள். அவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாஸ்டர், அடக்கத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். பாஸ்டரம்மா சட்டென்று எழுந்துபோய்த் தன் கையால் அவர் வாயை மூடினார். அப்படிச் சொல்லக் கூடாதுண்ணா, வாக்குத்தத்தம் இருக்குது என்றார். அன்பாகத்தான் மூடினார். அந்தக் கைக்கு மேலே என் வீட்டுக்காரருடைய இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன. அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அவர்கள் போனபிறகு என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலும், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். ஆனாலும் சபைக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது அவருக்கு. கூடப் பாடினவர்களிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்று அவருக்குப் பேஜாராக இருந்தது. அப்படியே போய்விட்டார்.

முனிசிபாலிட்டியில் பதிவு பண்ணப் போனேன். எனக்கு வந்த பதற்றத்தில், நம் ஜனங்கள் சொல்கிற மாதிரியே, அவர் தூங்கிவிட்டார் என்று இத்தாலியனில் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்த பெண், பரவாயில்லை, எழுந்ததும் அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். செத்துப்போனார் என்கிற இத்தாலியன் வார்த்தை எனக்குத் தெரியும். ஆனால் அதுவரைக்கும் தமிழில்கூட ஒருமுறை நான் அதைச் சொன்னதில்லை. கடைசியில் சொன்னேன். அவள் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள்.

4

போன டிசம்பரில் அட்டை வரவில்லை. சுகுணா வேலூரில் வாங்கிப் பார்சலில் அனுப்பியிருந்தாள். சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே என்ன என்று கேட்டு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கடவுளின் வாக்குறுதிகள் என்றேன். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விற்பனைக்கா சொந்த உபயோகத்துக்கா என்று கேட்டார். சொந்த உபயோகம். அப்படியானால் இதன் மதிப்பு எவ்வளவு என்றார். பார்சல் அங்கேயே கிடக்கிறது.

பாஸ்டர் என்னிடம்தான் கேட்டார், சிஸ்டர், நீங்களே அடிச்சிக் குடுத்துட முடியுமா என்று. எனக்கு அது கைவந்த வேலை. கம்பெனியில் நான் இருப்பது சாம்பிள் பிரிவு. ஒவ்வொரு தோலிலும் சின்னத் துண்டு வெட்டி, கனத்த அட்டையில் ஒட்டி, பெயர் அச்சடித்து, வாங்க வருகிறவர்களுக்குக் கொடுப்பது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். மீந்த அட்டையை எடுத்துக்கோ, மெஷினைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போ என்றார்.

பழைய வருஷத்து அட்டைகளைப் பார்த்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத்துப்பிழை வந்துவிடப் போகிறதே என்று ஒவ்வொன்றையும் வேதத்தில் தேடிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அட்டையில் இருப்பது எல்லாமே பாதி. உயர்த்துவேன் என்கிற இடத்துக்கு முன்னால், நீ இப்படி நடந்தால் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது; அதை வெட்டியிருந்தார்கள். தைரியமாக இரு என்கிற இடத்துக்கு முன்னால், உனக்கு உபத்திரவம் நிச்சயம் உண்டு என்று இருக்கிறது, அதையும் வெட்டியிருந்தார்கள். தோலில் புழு அரித்த இடத்தை ஒதுக்கிவிட்டு நல்ல இடத்தில் மட்டும் சாம்பிள் வெட்டுவோம். அந்த மாதிரி.

பயந்துகொண்டேதான் என் வீட்டுக்காரர் எடுத்த வசனத்தைத் தேடினேன். நீண்ட ஆயுள் கடைசி வரி. அதற்கு முந்தின வரியில் ஆபத்து என்கிற வார்த்தை இருந்தது. ஆபத்தே வராது என்று அங்கே இல்லை. ஆபத்து வரும்போது கூடவே இருப்பேன் என்றுதான் இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த ஒரு வரி அட்டையில் இருந்திருந்தால், நான் ஆபத்தில் இருக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாமே. யாரும் வாயை மூடியிருக்க முடியாதே. வசனமே சொல்கிறதே என்று காட்டியிருக்கலாமே. சமையலறையில் தனியாக நின்று ஓவென்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு எல்லா வசனத்தையும் முழுசாக எழுதினேன்.

5

ஜனவரி முதல் தேதி. கூடம் நிறைந்திருந்தது. புதுத் துணி, மல்லிகைக்குப் பதில் பிளாஸ்டிக் பூ, குளிருக்காக மேலே கோட்டு. தட்டைப் பாஸ்டரம்மா ஏந்தி நின்றார்.

முதலில் ஜெபராஜ். காட்பாடிப் பையன், விசா புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ஒரு வருஷமாக ஆபீசுக்கு நடக்கிறவன். கதவு திறக்கும் என்கிற மாதிரி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது காத்திருப்பதைப் பற்றி. படித்துவிட்டு, இன்னாக்கா, இன்னும் வெயிட் பண்ணச் சொல்றாரா என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து, புதுக் கார் வாங்கியிருந்த ஒரு அண்ணன். அவருக்குத் தானியக் களஞ்சியம் நிரம்பும் என்பதோடு, முதலில் நீ கொடு என்பதும் சேர்ந்து வந்தது. இந்த முறை கொஞ்சம் பேர்தான் சிரித்தார்கள். ஒரு அம்மா தன் அட்டையைப் படிக்காமலே, வேற எடுத்துக்கட்டுமா பாஸ்டர் என்று கேட்டார்.

பிறகு பாஸ்டரம்மா ஒன்று எடுத்தார். சத்தமாக ஆரம்பித்தார். உபத்திரவம் என்கிற வார்த்தை வந்ததும் நின்றுவிட்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் சட்டென்று மைக்கை வாங்கி, அச்சுல ஏதோ கோளாறு ஆயிடுச்சு, எல்லாரும் அட்டையைத் திருப்பிக் குடுத்துடுங்க, அடுத்த வாரம் சரியானது எடுப்போம் என்றார். பிளாஸ்டிக் கூடையில் எல்லாம் திரும்பி வந்தன. அன்றைக்கு என் பிரியாணி. சாப்பிட்டார்கள், ஆனால் நன்றாக இருக்கிறது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாளாம் ஆண்டிச்சி என்று எனக்கே தோன்றியது.

6

வாரநடுவில் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் சண்டையே போடவில்லை. டீ குடித்தார், என் மகளைப்பற்றி விசாரித்தார். அப்புறம் சொன்னார்: "சிஸ்டர், நீங்க வேணும்னு பண்ணியிருக்க மாட்டீங்க. வர்ற ஞாயிறு எழுந்து, அச்சுல தப்பா வந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ்ளோதான். ஜனங்க மனசு ஆறிடும்."

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில் அந்தச் சபைதான் மாற்றி மாற்றி எனக்குச் சோறு கொண்டுவந்தது. அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது? அதுவும் எதற்காக? நாலு வரிக்காக. தப்பாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி. எஸ்தரு என்று கூப்பிட ஆள், தொக்குக்கு அடிதடி, காதில் தமிழ். சொல்லாவிட்டால் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் நானும் இந்தச் சுவரும்.

சுகுணாவுக்குப் போன் போட்டேன். ஊரோட ஒத்துப் போயேன்க்கா, ஒரு வார்த்தை சொல்றதுல இன்னா குறைஞ்சிடப் போற என்றாள். நியாயமாகத்தான் இருந்தது.

மகளுக்குப் போட்டேன். ஜெனிபர் மிலானில் படிக்கிறாள். நாலு செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அன்றைக்கு அவளே கூப்பிட்டாள். "ப்ராவா, அம்மா! சூப்பர். இனிமே அங்க போகாத. அதெல்லாம் ட்ராமா" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகிறது. இதற்காகவே நான் அவள் பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆனால் நான் ஜெபிக்கிறதை விடவில்லையேடி, அதனால்தானே இப்படிச் செய்தேன் என்றேன். உன்னைப் புரிஞ்சிக்கவே முடியல அம்மா என்று இத்தாலியனில் சொல்லிவிட்டு, வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அவளுக்கும் நான் உதவாமல் போனேன், சபைக்கும் உதவாமல் போனேன்.

அந்த வாரம் முழுக்க வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். தப்பாக வந்துவிட்டது, மன்னிச்சிடுங்க. வெட்டுகிற மெஷின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல, அவர் வாயின்மேல் இருந்த அந்தக் கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த வார்த்தையைச் சொன்னால் அதன்மேல் என் கையையும் வைத்து அழுத்தின மாதிரி ஆகும். அது என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நிம்மதி வரும் என்று சொல்வார்களே, எனக்கு வரவில்லை. பயம்தான் வந்தது.

7

ஞாயிறு அன்று அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போய் நின்றேன்.

"அச்சுல தப்பு ஒண்ணும் இல்ல," என்றேன். "தெரிஞ்சேதான் முழுசா அடிச்சேன். எங்க வீட்டுக்காரரு இந்தக் கூடத்துலதான் அட்டை எடுத்தாரு. நீங்க எல்லாரும் அவரு மேல பாசமா இருந்தீங்க. ஆனா அவரு சாகப்போறாருன்னு அவருக்குத் தெரியும். உங்ககிட்ட போய்ட்டு வர்றேன்னு சொல்லணும்னு இருந்தாரு. சொல்ல விடல. அவரு நம்பிக்கை இல்லாம சாகல. நம்பிக்கையோடதான் செத்தாரு. செத்தாருன்னுதான் சொல்றேன், தூங்கினாருன்னு சொல்லல."

இன்னும் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். அதோடு விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாஸ்டர் கண்ணை மூடி, எங்கள் சகோதரியின் மனக்காயத்தை ஆற்றும் ஆண்டவரே என்று ஜெபித்தார். காயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் நான் சொன்னது காயத்தின் பேச்சு என்று ஆக்கிவிட்டால் அதை யாரும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாப்பாட்டுக்கு நிற்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். பாஸ்டரம்மா. கோட்டுகூடப் போடாமல் வந்திருந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"எஸ்தரு, அன்னைக்கு அண்ணன் இன்னா சொல்ல வந்தாரு?"

இத்தனை நாளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன்.

"ஊருக்கு எடுத்துனு போக வேணாம், இங்கயே வைன்னு சொல்லச் சொன்னாரு. ஊர்ல வச்சிட்டு நீ மட்டும் திரும்பி வந்துடுவ, நான் தனியா அங்க இன்னா பண்றதுன்னாரு. இங்கன்னா ஞாயித்துக்கெழம சபை முடிஞ்சி எல்லாரும் அந்தப் பக்கமா ஒருநடை வருவாங்கன்னாரு."

பாஸ்டரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். கல்லறைத் தோட்டம் கூடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அடக்கத்துக்குப் பிறகு சபையிலிருந்து யாரும் அங்கே போனதில்லை; வாக்குத்தத்தம் பலிக்காத இடத்துக்குப் போக யாருக்கு மனசு வரும்?

"எனக்கும் தெரியும் எஸ்தரு, அவரு பொழைக்க மாட்டாருன்னு," என்றார். "பயமா இருந்துச்சு. அதான் மூடினேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிரில் விறைத்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ பாஸ்டரம்மா என்று கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு போன் பண்ணவில்லை. பண்ணுவார் என்று சில நாள் காத்திருந்தேன்.

8

யாரும் என்னை நீக்கவில்லை. சபையின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். இன்னொரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள் என்று ஜெபராஜ் கடைத்தெருவில் பார்த்தபோது உளறிவிட்டான். பழைய குழுவில் இப்போது சத்தமே இல்லை. புது அட்டையும் எடுத்துவிட்டார்களாம், எங்கிருந்தோ வரவழைத்துவிட்டார்கள்.

தைரியமாக நின்றாயே என்று நீங்கள் பாராட்டலாம். வேண்டாம். உண்மையைச் சொன்னால் கடவுள் உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார் என்று நானும் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்திக்கு ஊற்றின தோசை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேச்சுத்துணைக்காக ரேடியோவைப் போடுவேன், பாதி புரியாது. சில நாள் நானே எனக்கு, எஸ்தரு, எழுந்து அடுப்பை அணை என்று சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன். தனிமை இவ்வளவு கனம் என்று அவர் போனபோதுகூட எனக்குத் தெரியாது. அப்போது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

இன்றைக்கு வீட்டு வேலை முடிந்து கல்லறைக்குப் போனேன். இங்கே கல்லறையும் வாடகை வீடுதான். சில வருஷம் கழித்துக் காலி பண்ணச் சொல்வார்கள், அதற்கும் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். அது அப்போது. அவர் பெயரின்மேல் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன்.

நான் ஜெபம் பண்ணுகிற விதம் மாறிவிட்டது. முன்னால் அழகாகப் பண்ணுவேன். சபையில் என்னை ஜெபிக்கச் சொல்வார்கள், வார்த்தை அருவி மாதிரி வரும், முடிக்கும்போது இருபுறமும் ஸ்தோத்திரம் கேட்கும். அதில் பாதி பக்கத்தில் இருப்பவர்கள் காதுக்கு. இப்போது அந்த வார்த்தைகளே வருவதில்லை. கையை மட்டும் கோத்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, எனக்குத் தனியா இருக்குது," என்றேன். "ரொம்பத் தனியா இருக்குது."

அவ்வளவுதான் இருந்தது சொல்ல. இதை மாற்றிக் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை. ஸ்தோத்திரம் என்று சேர்க்கவும் மனசு வரவில்லை. பனிமூட்டத்தில் அடுத்த வரிசைக் கல்லறைகூடத் தெரியவில்லை. ஆமென் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன்.